பிறந்த நாள் கவுனில் 3½ அங்குலம் மாயம்! பிளாட்பார டெய்லர் ஈடு கட்டினார்

சென்னை புரசைவாக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசல். பிளாட்பாரத்தில் ஒரு தையல் மெஷின். மாலை 6 மணி. பிளாஸ்டிக் பையுடன் ஒரு பெண் ஓடி வந்தார். கூடவே 7 வயது மகள்.

பையில் இருந்து ரோஸ் கலர் சாட்டின் கவுன் வெளியே வந்தது. கையில்லாத கவுன். இடுப்புக்குக் கீழே சுருக்கு வைத்த பாவாடை. பார்க்க ஜோர்! ஆனால் மகளுக்குப் போட்டால் முதுகில் ஜிப் ஏறவில்லை. மூன்று விரல் கடை இடைவெளி!

"விடிஞ்சா பொறந்த நாள், பாய். சாயங்காலம் பார்ட்டி. கூடப் படிக்கிற புள்ளைங்க எல்லாம் வருது. அளவு பார்த்துத்தான் வெட்டினேன். துணி எங்கே போச்சுன்னே தெரியலே!" என்று கையைப் பிசைந்தார்.

டெய்லர் கவுனைத் தொடவில்லை. "பேட்டர்ன் எங்கேம்மா?" என்றார்.

ஜெர்மன் புத்தகம்

பழைய புத்தகக் கடையில் வாங்கிய 'பர்டா' பத்திரிகை அது. பர்டா என்ற பெண்மணி 1950-ல் மேற்கு ஜெர்மனியில் ஆபன்பர்க் நகரில் தொடங்கியது. 1952 முதல் உடை வெட்டும் வரைபடத்தையும் இதழோடு சேர்த்துக் கொடுத்தார்கள். கடையில் விலை கொடுத்து வாங்க முடியாத உடையை வீட்டிலேயே தைத்துப் போடலாம் அல்லவா!

ஒரே தாளில் பல உடைகளின் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும். ரெயில்வே மேப் தோற்றது! வேண்டிய கோட்டை மட்டும் மெல்லிய தாளில் பார்த்து வரைந்து எடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு வயதுக் கணக்கு கிடையாது. உயரக் கணக்கு. 122 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 122-ம் நம்பர்.

அந்த அம்மா இத்தனையும் ஒழுங்காகச் செய்திருந்தார். (அதுவே பெரிய காரியம்!) சிக்கல் வேறு இடத்தில். அந்தக் கோடு, தையல் ஓட வேண்டிய கோடு. உள்ளே மடங்கும் துணி அதில் சேராது. சுற்றிலும் நாமே கூட்டி வெட்ட வேண்டும். அமெரிக்காவின் பட்டரிக் கம்பெனி பேட்டர்ன் என்றால், அந்தத் துணியும் சேர்ந்தே இருக்கும். இதில் இல்லை. விவரம் புத்தகத்தில் இருந்தது, ஜெர்மன் மொழியில்!

டெய்லர் கணக்குப் போட்டார். மேல் உடம்புக்கு முன்பக்கம் 1 துண்டு. முதுகு 2 துண்டு. தையல் விழும் ஓரங்கள் 6. ஓரத்துக்கு 1½ செ.மீ. போனால் மொத்தம் 9 செ.மீ. அதாவது 3½ அங்குலம்!

"வெட்டின மிச்சம் இருக்கா?"

இருந்தது. பையின் அடியில் சுருண்டு கிடந்தது. அப்போதுதான் டெய்லர் முகத்தில் சிரிப்பு வந்தது.

ஓட்டை ஆறாது

பக்கத் தையல் இரண்டையும் பிரித்தார். சாட்டினில் இது நாசூக்கான வேலை. ஊசி குத்திய ஓட்டை ஆறாது. பழைய கோட்டின் மேலேயே மறுபடி தையல் விழ வேண்டும். இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகப் பல்லைக் காட்டும்.

அக்குளில் இருந்து இடுப்பு வரை பக்கத்துக்கு ஒரு பட்டி கொடுத்தார். தைத்த பின் ஒவ்வொன்றும் 1¾ அங்குலம். பாவாடையைக் கழற்றி, சுருக்கைத் தளர்த்தி அதே அளவு விட்டார். தோளிலும் இடுப்பிலும் சேர்த்து உயரம் 3 செ.மீ. குறைந்திருந்தது. அதற்கு இடுப்பைச் சுற்றி வெள்ளை சாட்டினில் பெல்ட் போல ஒரு பட்டி.

"யாராச்சும் கேட்டா, இதுதான் பேஷன்னு சொல்லிடும்மா. அடுத்த வாட்டி பழைய வேட்டியிலே வெட்டி, மூட்டி, போட்டுப் பாரு. அப்புறம் புதுத் துணியிலே கத்திரி வை."

இரவு 8½ மணி. ஜவுளிக்கடைக்குள் கூட்டிப் போய்ப் போட்டுப் பார்த்தார்கள். ஜிப் ஒரே இழுப்பில் ஏறியது. சிறுமி ஒரு சுற்று சுற்றினாள். பாவாடை குடையாக விரிந்தது.

கழற்ற மாட்டேன் என்று அடம்!

"கழட்டும்மா கண்ணு, உள்ளே பிசிறு வருது. இன்னும் ஓவர்லாக் அடிக்கலே" என்று டெய்லர் கெஞ்ச வேண்டியதாயிற்று.