மாரியில் மெலியும் மாடு

நிலம் பசுமை பூண்டிருக்கும் காலத்திலேயே கால்நடை பசியால் வாடுவது, மட்டக்களப்பு நாட்டில் ஆண்டுதோறும் காணப்படும் முரண்பாடாகும். குளிர்நாடுகளில் பனி மூடிப் புல் மறைந்துவிடும். அங்கே விலங்கின் பசி எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆகவே அந்நாட்டு உழவன் கோடையிலேயே புல்லை அரிந்து உலர்த்திப் பரண் நிறையச் சேர்த்து, தன் குதிரையையும் பசுவையும் குளிர்காலம் முழுவதும் காக்கிறான். நம் நாட்டில் பனியில்லை. கார்த்திகையிலும் மார்கழியிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை நிறமே தோன்றும். அப்பச்சை நெற்பயிரின் பச்சை. மாட்டுக்கு விலக்கப்பட்ட பச்சை. இதனை உணராமையாலேயே நம்மவர் பலர் மாரிக்கென்று தீன் சேர்ப்பதில்லை. அக்குறையின் காரணங்களையும், கைக்கெட்டிய பொருள்களைக் கொண்டு அதனைத் தீர்க்கும் வழிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாரிப் பஞ்சத்தின் காரணங்கள்

வாவிக்குக் கிழக்கே கடலோரமாக அமைந்த பகுதி எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்த பகுதி படுவான்கரை. மாசி, பங்குனி மாதங்களில் பெரும்போக அறுவடை முடிந்ததும் படுவான்கரை வட்டைகள் மாட்டுக்குத் திறந்துவிடப்படுகின்றன. அரிதாளும் வரம்புப் புல்லும் தின்று பட்டிகள் உடல் தேறும் காலம் அதுவே. உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீர் பாயும் இடங்களில் சிறுபோகம் தொடர்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் மீண்டும் பெரும்போக விதைப்பு வருகிறது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நாள் குறிக்கப்பட்டு, அந்நாளுக்குள் மாடுகள் வயற்புறத்தை விட்டு அகற்றப்படல் வேண்டும். பெரும்பட்டிகள் மேற்கிலுள்ள காட்டோர மேய்ச்சல் தரைகளுக்குச் செல்கின்றன. ஓரிரு பசு வைத்திருப்போர் அவற்றைத் தெருவோரத்திலும் வளவுகளிலும் கட்டி வளர்க்கின்றனர்.

இவ்வாறு வயல் மூடப்படுவது முதற்காரணம். இரண்டாவது, வெள்ளம். ஆண்டு மழையிற் பாதிக்கு மேற்பட்டது நவம்பர் முதல் ஜனவரி வரையுள்ள மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. ஆற்றுநீர் வந்து சேர வாவி நிறைகிறது. முகத்துவாரத்து மணற்றிடர் வெட்டப்படும்வரை தாழ்ந்த கரைகளெல்லாம் நீரில் மூழ்கிக் கிடக்கும். 1957 டிசெம்பர்ப் பெருவெள்ளமும் 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியும் இப்பருவத்தில் நிகழ்ந்தவையே என்பது கருதத்தக்கது.

மூன்றாவது காரணம் எளிதிற் புலப்படாதது. புதுமழைக்கு முளைத்த இளம்புல்லில் நீரே மிகுதி. நூற்றுக்கு எண்பது பங்கும் அதற்கு மேலும் நீராயிருக்கும். 250 கிலோகிராம் எடையுள்ள ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு நீர் நீங்கிய உணவாக ஏறக்குறைய 6 கிலோகிராம் வேண்டும். அதனை இவ்விளம்புல்லிலிருந்தே பெற வேண்டுமாயின் 30 கிலோகிராம் புல்லைத் தின்றாக வேண்டும். தெருவோரத்திற் கட்டப்பட்ட பசுவுக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. வயிறு நிரம்பியதுபோற் காணப்படும், ஊட்டமோ சேராது.

நான்காவது, ஈரமும் வாடைக்காற்றும். உலர்ந்த தோலோடு நிற்கும் மாட்டுக்கு நம் நாட்டுக் குளிர் பெரிதன்று. இரவெல்லாம் மழையில் நனைந்து சேற்றில் நிற்கும் மாடு உடற்சூட்டைப் பெரிதும் இழக்கிறது. தின்றதன் ஒரு பகுதியை அச்சூட்டுக்கே செலவிடுகிறது. குடற்புழுக்களும் இவ்வீரக் காலத்திற் பெருகுகின்றன. மேடான தரையும் மேலே ஒரு கூரையும் தீனுக்கு ஒப்பானவை என்பது இதனாற் பெறப்படும்.

வைக்கோலை மாடு வெறுப்பதேன்

கொடுத்த வைக்கோலை முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்ளும் மாட்டை, "வாய்க்கொழுப்புப் பிடித்தது" என்று கடிந்துகொள்வோர் உளர். விலங்கு உண்ண மறுப்பதற்கு நோயோ பற்குறையோ காரணமாகலாம். அவை இல்லாதபோது, உணவின் இயல்பை நோக்குதல் வேண்டும்.

மாட்டின் இரைப்பை நான்கு அறைகளையுடையது. அவற்றுட் பெரியதாகிய முதலறையில் கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நார்ப்பொருளைப் புளிக்கவைத்துச் சிதைப்பவை அவையே. மாட்டுக்கு நாம் ஊட்டுகிறோம் என்பதைவிட அந்நுண்ணுயிர்களுக்கு ஊட்டுகிறோம் என்பதே பொருந்தும். அவை பெருகுவதற்கு நைதரசன் வேண்டும். உணவிலே புரதம் நூற்றுக்கு ஏழு பங்கிற் குறையுமாயின் அவை தளர்கின்றன; நார் சிதையாமல் நெடுநேரம் தங்குகிறது; அறை வெறுமையாகாமையால் மாடும் மேலும் உண்ண விரும்புவதில்லை. நெல்வைக்கோலிலுள்ள புரதமோ நூற்றுக்கு நான்கு பங்கு அளவினதே. மணற்சத்தும் அதில் மிகுதி. ஆகவே வைக்கோலை மறுக்கும் மாடு பிடிவாதம் செய்யவில்லை; அவ்வுணவின் குறையையே நமக்கு அறிவிக்கிறது.

விலங்கின் வயிற்றியல்பை அறியாது ஊட்டுவதன் கேட்டுக்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட வெனிசு நாட்டுப் பயணி மார்க்கோ போலோ, அரேபியக் கரைகளிலிருந்து பெரும்பொருள் கொடுத்து ஆண்டுதோறும் வாங்கப்பட்ட குதிரைகளுட் பெரும்பாலானவை விரைவில் மாண்டொழிந்தன என்று எழுதியுள்ளார். இறைச்சியோடு சமைத்த சோறு அவற்றுக்கு ஊட்டப்பட்டது என்பதும் அவர் கூற்று. குதிரையும் புல்லுண்ணும் விலங்கே. எனினும் அதன் இரைப்பை சிறியது, ஓரறையே உடையது. நார் சிதைவது பின்னுள்ள பெருங்குடலிலாகும். அது நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேயப் பிறந்தது. புல்லோடு ஊறவைத்த கொள்ளை அளவாகக் கொடுக்கும் வழக்கம் தமிழகத்தில் நிலைபெற்றது. குதிரைக்கு ஒரு நெறி, மாட்டுக்கு ஒரு நெறி. இரண்டுக்கும் பொதுவானது, உண்பதன் குடலை அறிந்து ஊட்டல் என்பதே.

எரிக்கப்படும் செல்வம்

முற்காலத்தில் கதிரை அறுத்துச் சூடு வைத்து, களத்தில் எருமைகளை மிதிக்கவிட்டுச் சூடடித்தனர். அதனால் வைக்கோல் ஓரிடத்தே குவிந்தது, போராக வேயப்பட்டது. இக்காலத்து அறுவடைப் பொறி கதிரை அறுத்த இடத்திலேயே வைக்கோலை வயலெங்கும் சிதறிச் செல்கிறது. அதனைத் திரட்டுவதற்குக் கூலி வேண்டும் என்பதனாற் பலர் தீயிட்டு விடுகின்றனர். நெல்லின் எடைக்கு ஏறக்குறைய ஒப்பான எடை வைக்கோலும் விளைகிறது. ஓரேக்கரில் 1,500 கிலோகிராம் நெல் விளையுமாயின் வைக்கோலும் அவ்வளவினதாகும். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 4 கிலோகிராமாக, மாரியின் 120 நாளுக்கு வேண்டியது 480 கிலோகிராமே. விளைந்ததிற் பாதியே கைக்கெட்டினும் ஒரு பசுவைக் காத்து மிச்சமும் இருக்கும்.

இதிற் காலப்பொருத்தமும் உண்டு. சிறுபோக அறுவடை ஆவணியை அடுத்து வெயிற்காலத்தில் நிகழ்வது. அப்போது கிடைக்கும் வைக்கோல் நன்றாக உலர்ந்தது. மாரிக்கு இரண்டொரு மாதமே முந்தியது. மானாவாரி நிலத்தார் பங்குனி வைக்கோலையே பேண வேண்டியவராதலின், அவர்கள் போரை மேட்டில் மரக்கட்டைகளின்மேல் அமைத்து, உச்சியைக் கூரைபோற் சரித்து மூடுதல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் எவ்விலங்குக்கும் ஆகாது.

வைக்கோலைத் திருத்தும் முறை

வைக்கோலின் குறையை நீக்க யூரியா பதனம் என்னும் முறை ஆசிய நாடுகள் பலவற்றில் ஆராயப்பட்டு, இலங்கையிலும் 1980களிற் பரப்பப்பட்டது. 25 கிலோகிராம் வைக்கோலுக்கு ஒரு கிலோகிராம் யூரியாவை 25 லீற்றர் நீரிற் கரைக்க வேண்டும். வைக்கோலைப் படைபடையாகப் பரப்பி, ஒவ்வொரு படைமீதும் கரைசலைச் சமமாகத் தெளித்து, நன்கு மிதித்து, காற்றுப் புகாதபடி பொலித்தீனால் மூடிவிடல் வேண்டும். யூரியாவிலிருந்து வெளிப்படும் அமோனியா, நாரை இறுகப் பிணைத்துள்ள கட்டுகளைத் தளர்த்துகிறது. வைக்கோலின் புரதமதிப்பையும் ஏறத்தாழ இரட்டிக்கச் செய்கிறது. இரண்டு முதல் மூன்று கிழமைகளில் வைக்கோல் மஞ்சளும் கபிலமுமான நிறம் பெற்று மென்மையாகும்.

இதில் எச்சரிக்கை மிக வேண்டும். யூரியாவை நேராகவோ குடிநீரிற் கரைத்தோ மாட்டுக்குக் கொடுத்தல் உயிருக்கே தீங்கு. கரைசல் எஞ்சிய வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கலாகாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கும், ஓரறை இரைப்பையுடைய விலங்குகளுக்கும் பதனவைக்கோல் கொடுத்தலாகாது.

யூரியா கிடையாத காலமும் உண்டு. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது உழவர் பட்ட பாடு நினைவிலுள்ளது. அக்காலத்தில் வேலியோரக் கிளிரிசிடியாவே துணை. அதன் இலையில், உலர்ந்த எடைக்கு, நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதமுண்டு. ஒரு கட்டுக் குழையை வைக்கோலோடு கொடுப்பினும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நைதரசன் ஓரளவு கிடைக்கும். இபில் இபில் இலையும் நல்லதே. எனினும் அதில் மயிர் உதிரச் செய்யும் நஞ்சொன்று இருத்தலால், மொத்தத் தீனில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படலாகாது. தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் சிறிதளவு சேர்ப்பது கறவைப் பசுவுக்கு இன்றியமையாதது.

பழக்கும் வகை

பதனவைக்கோலின் நெடியும் கிளிரிசிடியாவின் மணமும் மாட்டுக்குப் புதியன. முதல்நாளே தொட்டி நிறைய இட்டால் அது மறுக்கும். மறுத்ததைக் கண்டு உடையவனும் முயற்சியைக் கைவிடுவான். பதனவைக்கோலை உண்பதற்குச் சில மணி நேரம் முன்னரே வெளியே பரப்பினால் நெடி அகலும். முதல்நாள் ஒரு பிடியைப் பழகிய தீனோடு கலந்து, நாடோறும் சிறிது கூட்டி, பத்துப் பன்னிரண்டு நாளில் முழு அளவுக்கு வரலாம். நுண்ணுயிர்க் கூட்டம் புதிய உணவுக்கு ஏற்ப மாறுவதற்கும் அத்துணை நாள் வேண்டும். கிளிரிசிடியாக் குழையை வெட்டி ஓரிரவு வாடவிட்டுக் கொடுத்தல் நன்று. வைக்கோலை நறுக்கி உப்புநீர் தெளித்தாலும், மேலே தவிடு தூவினாலும் சுவை கூடும். புதுமைக்கு அஞ்சாத மாடு ஒன்றைப் பக்கத்தே கட்டுவதும் பயன் தரும். ஒன்று தின்னக் கண்டால் மற்றதும் தின்னும். இப்பயிற்சி ஐப்பசிக்கு முன்னரே தொடங்கப்படல் வேண்டும். மெலிந்தபின் பழக்குவது காலம் பிந்திய செயலாகும்.

நாள்தோறும் காணும் கண்ணுக்கு மெலிவு தெரியாது. அதற்கு ஓர் அளவுநாடா போதும். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சைச் சுற்றிய அளவையும், தோட்புடைப்பிலிருந்து பிட்டத்து எலும்புவரை உள்ள நீளத்தையும் சதமமீற்றரில் எடுக்க. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் எடை கிலோகிராமிற் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 125 ஆயின் எடை ஏறக்குறைய 259 ஆகும். இது மதிப்பீடே, எனினும் பதினைந்து நாளுக்கொரு முறை எடுத்து எழுதிவைத்தால் இறக்கம் தொடங்கும்போதே தெரிந்துவிடும். வீட்டிற் பசுவுள்ள மாணவனுக்கு இதனைவிடச் சிறந்த கணிதப் பயிற்சியும் அரிது.

முடிவுரை

வைக்கோல் மேய்ச்சல் தரைக்கு ஈடாகாது. நூற்றுக்கணக்கான மாடுகள் கொண்ட பட்டியை வைக்கோற்போரால் மட்டும் காத்தல் இயலாது. அதற்கு மாரியில் ஒதுங்கத் தரை வேண்டும். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையில் வெளியார் பயிர்செய்வதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடங்கிய அறவழிப் போராட்டம் இவ்வுண்மையை நாடறியச் செய்தது. தரையைக் காப்பது சட்டத்தின் வழியும் பொதுமக்கள் குரலின் வழியும் ஆகவேண்டியது. வைக்கோலைக் காப்பதோ ஒவ்வொரு வீட்டாரும் எவருடைய அனுமதியுமின்றி இவ்வாண்டே தொடங்கக் கூடியது.

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. மட்டக்களப்புத் தயிரின் பெயர் நாடெங்கும் பரவியுள்ளது. அச்சட்டித் தயிருக்குப் பின்னே மாரியைக் கடந்து வந்த ஒரு விலங்கின் உடல் இருக்கிறது. மார்கழியில் எலும்பு தெரியும் தாய்க்குத் தையிற் பாலிராது. அதன் கன்றும் தேறாது. வெயிற்காலத்தில் வயலில் எழும் புகையைக் காணும்போது, எரிவது மார்கழிப் பாலென்று அறிவோமாக. அறிந்தபின் அத்தீயை மூட்டும் கை தானே தயங்கும்.