‘அடைப்பு இல்லை’ என்பதற்குக் கீழே ஒரு வரி

இதயத்தை மட்டும் தனியே படம் பிடிக்க சி.டி. ஸ்கேனுக்குத் தெரியாது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து உதரவிதானம் வரை நெஞ்சைக் குறுக்கே துண்டு துண்டாக எடுத்துவிடும். இதயத்தோடு சேர்ந்து நுரையீரலின் பெரும்பகுதி, உணவுக்குழாய், மார்பகம், முதுகெலும்பு, கல்லீரலின் மேற்பகுதி எல்லாம் படத்தில் விழும். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கப் போனவருக்கு நுரையீரலில் கட்டி தெரியவருவது இப்படித்தான்.

மலேசியத் தமிழர்களின் இதயப் பயம் சும்மா வந்ததல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். இனிப்பு நீர் வந்தால் ஹார்ட்டும் பின்னாலேயே வரும் என்பது பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடும் எவருக்கும் தெரியும். ஐ.ஜே.என். எனப்படும் தேசிய இருதயக் கழகம் 1992 முதல் கோலாலம்பூரில் இயங்குகிறது. தனியார் மருத்துவமனைகளோ கால்சியம் ஸ்கோரைப் பரிசோதனைப் பொதிகளில் சேர்த்தே விற்கின்றன. நாளச் சுவரில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் அந்தக் கணக்கை ஆர்தர் அகாட்ஸ்டன் 1990-இல் வெளியிட்டார்.

படம் பார்ப்பவரின் திரைக்குச் சற்று அருகே போவோம். இதயத்துக்கான அமைப்பில் வைத்தால் இரு பக்கமும் நுரையீரல் வெறும் கறுப்பு. கறுப்பு வெள்ளை அளவை மாற்றியதும் அதே படத்தில் ரத்தநாளங்கள் கிளை கிளையாக எழும்பும். எந்தக் கிளையோடும் சேராமல் ஒரு பொட்டு நின்றால் ரேடியாலஜிஸ்ட் அங்கே நிறுத்துவார். இன்னொரு சிக்கலும் உண்டு. இதயம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் படத்தைக் குறுக்கி உருவாக்குவார்கள், ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும். தரவு இயந்திரத்தில் இருக்கும், அகலமாக மறுபடி உருவாக்கினால்தான் கண்ணில் படும். கேட்டது இதயம், இதயத்தை மட்டும் பார், ஆளை வீணாகப் பயமுறுத்தாதே என்று வாதிட்ட மருத்துவர்களும் உண்டு. கதிர்வீச்சை உடம்பில் செலுத்திய பிறகு பாதிப் படத்தை மட்டும் பார்ப்பது என்ன நியாயம் என்பது என் கட்சி.

ஆனால் அவர்கள் பயத்திலும் பொருள் இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தின் ‘ஸ்காட்-ஹார்ட்’ ஆய்வில் இதய சி.டி. எடுத்த 1,778 பேரில் 38 விழுக்காட்டினருக்கு இதயத்துக்கு வெளியே ஏதோ ஒன்று தென்பட்டது. கவனிக்க வேண்டியதாக இருந்தது 10 விழுக்காட்டினருக்கு. இத்தகைய ஸ்கேன்களில் புற்றுநோய் என்று முடிவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அதில் பெரும்பங்கு நுரையீரல். காசநோய் இன்னும் விட்டுப்போகாத நம் நாட்டில் ஒரு பொட்டு பழைய தழும்பாகவும் இருக்கலாம்.

அதனால்தான் ‘காத்திருந்து பார்ப்போம்’ என்கிறார்கள். கேட்பவருக்கு அது அலட்சியமாகத் தோன்றும். 8 மி.மீ. பொட்டு, ஒரு கொண்டைக்கடலை அளவு, 10 மி.மீ. ஆவதற்குள் உள்ளே திசு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். குறுக்களவில் கூடுவதோ 2 மி.மீ. தான். சில வாரங்களில் மறுபடி எடுத்தால் வளர்ச்சியா, அளவெடுத்ததில் வந்த வித்தியாசமா என்று சொல்ல முடியாது. ஃபிளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டியின்படி, இதய ஸ்கேனில் தெரியும் 6 மி.மீ.க்குக் குறைவான பொட்டுக்குப் பொதுவாகத் தொடர் பரிசோதனை வேண்டாம். 6 முதல் 8 என்றால் 3 முதல் 12 மாதத்துக்குள் நெஞ்சு முழுவதற்கும் சி.டி. எடுக்க வேண்டும். அதற்கும் பெரியதென்றால் தாமதிக்காமல் எடுக்க வேண்டும்.

இந்த 3 முதல் 12 மாதத்தில்தான் ஆள் தொலைந்துபோகிறார். “அடைப்பு இருக்கா டாக்டர்?” “இல்லைங்க ஐயா.” அத்தோடு பேச்சு முடிந்தது, அறிக்கையின் அடியில் நுரையீரலைப் பற்றிய வரி கோப்புக்குள் போய்விடும். இதய மருத்துவருக்கு அது அவர் துறையல்ல. படம் பார்த்தவர் நோயாளியைச் சந்திப்பதே அரிது. ஸ்கேன் தனியாரில், மாதாந்திர மருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில், நுரையீரலுக்குக் கோலாலம்பூர் சுவாச மருத்துவக் கழகம், புற்றுநோய் என்றால் புத்ராஜெயா. ஓரிடத்துப் படம் இன்னோரிடத்துத் திரைக்குத் தானாக வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. மலேசியாவில் நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்படுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 3 அல்லது 4-ஆம் கட்டத்தில் வருகிறார்கள். தற்செயலாக முன்கூட்டியே தெரிந்த ஒன்றையும் கோப்பில் உறங்கவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே அறிக்கையைக் கையில் வாங்கும் மகனோ மகளோ கடைசி வரி வரை படிக்கட்டும். ‘பொட்டு எத்தனை மி.மீ., அடுத்த படம் எந்த மாதம், யார் பார்ப்பார்?’ என்று கேட்டு எழுதி வாங்கட்டும். ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய படத்திலும் கெட்டியான அந்தப் பொட்டு அதே அளவில் இருந்தால், ஊசி குத்தாமலேயே பயம் தீர்ந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். தென்கொரியாவில் தைராய்டை அல்ட்ராசவுண்டில் தேடத் தொடங்கினார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 1993-ஐப் போல 15 மடங்கானது. இறப்பு குறையவே இல்லை. சுரப்பியை இழந்தவர்கள் ஆயுளுக்கும் மாத்திரை விழுங்குகிறார்கள்.

நெடுநாள் புகைத்தவர்களின் கதை வேறு. இதய ஸ்கேனில் நுரையீரலின் மேல்முனை படவே படாது. புகைப்பவர்களின் புற்றுநோய் அதிகம் முளைப்பதோ மேல் மடலில்தான். ‘நெஞ்சு ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் கிளியர்’ என்று இருக்க முடியாது. அவர்களுக்கென்று குறைந்த கதிர்வீச்சு நெஞ்சு சி.டி. உண்டு. 53,000-க்கும் அதிகமானோரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட அதை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 விழுக்காடு குறைந்தது. ஹார்ட் டாக்டரிடம் போகும் அன்றே அதையும் கேட்டுவிடலாம்.