விதையிலும் பசளையிலும் ஏமாற்றப்பட்டவர் மூன்று மாதத்துள் செய்யவேண்டியவை

கமக்காரர் பணங்கொடுத்து வாங்கும் பொருள்களுள் விதையைப் போல ஏமாற்றுதற்கு எளிதானது பிறிதொன்றில்லை. துணியிற் கிழிசல் இருப்பின் கடையிலேயே தெரியும்; அரிசியிற் கல் இருப்பின் உலையிலிடுமுன் தெரியும். விதைநெல்லிலுள்ள கலப்போ கதிர் தள்ளிய பின்னரே தெரியும். அதற்குள் உழவுகூலியும் பசளைச் செலவும் ஒரு போகத்து நீரும் போய்விடும். "உமது நிலம் சரியில்லை, நீர் பாய்ச்சியது சரியில்லை" என்று விற்றவர் கூறுவார். கையில் எழுத்தாக எதுவும் இல்லாதவர் மறுமொழி கூறவியலாது வீடு திரும்புவார். அம்மறுமொழியை முன்கூட்டியே ஆயத்தஞ் செய்துகொள்ளும் முறையை இப்பிரசுரம் விளக்குகின்றது.

விதைநெல்லில் நடைபெறும் மோசடி பெரும்பாலும் ஒரே வகையானது. ஆலைக்குச் செல்லவேண்டிய நெல் தூற்றப்பட்டு, நல்ல சாக்கில் இடப்பட்டு, விதைநெல்லின் விலைக்கு விற்கப்படுகின்றது. பீ.ஜீ. 300 மூன்று மாத நெல், பீ.ஜீ. 352, ஏ.ரீ. 362 ஆகியன மூன்றரை மாத நெல்லினங்கள். இவை கலந்திருப்பின் ஒரு பகுதி கதிர் தள்ளும்போது மற்றப் பகுதி குடலைப் பருவத்தில் நிற்கும். ஒன்று அறுவடைக்கு வரும்போது மற்றது பச்சையாயிருக்கும். ஆகவே சாக்கை வாங்குமுன் அதன் வாயைப் பார்த்தல் வேண்டும். விதை அத்தாட்சிச் சேவையின் சீட்டு இருக்கின்றதா, அதில் இனத்தின் பெயரும் தொகுதி இலக்கமும் தெளிவாக உள்ளனவா, சாக்கின் வாய் பிரித்து மீளத் தைக்கப்பட்டதற்கு அடையாளமாக இரு வரிசை ஊசித் துளைகள் உள்ளனவா என்பன நோக்கத்தக்கவை.

விதைக்குமுன் முளைதிறனையும் சோதித்தல் நன்று. நூறு நெல்மணிகளை எண்ணி எடுத்து, ஒரு நாள் நீரில் ஊறவைத்து, ஈரத்துணியிற் சுற்றி வைத்து, ஒரு வாரத்தில் முளைத்தவற்றை எண்ணுக. எண்பத்தைந்துக்குக் குறையின் அது விதைநெல் எனத்தக்கதன்று. ஆயினும் ஒன்றை நேர்மையாகக் கூறவேண்டும். அறுவடை செய்து சில வாரங்களே ஆன நெல் உறக்க நிலையில் இருத்தலாற் குறைவாக முளைக்கலாம். அதனை மோசடியெனக் கொள்ளல் தகாது. சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்த பின்னரே குற்றஞ் சாட்டுதல் முறையாகும்.

மரக்கறி விதையில் நிலைமை வேறு. கலப்பின விதையிலிருந்து விளைந்த காயின் விதையை எடுத்து, பழைய பைக்கற்றில் நிரப்பிக் கலப்பின விதையென விற்போர் உளர். அவ்விதை நன்றாகவே முளைக்கும். செடிகளே ஒன்றுபோல் இரா. ஒரே பாத்தியில் உயரத்திலும் காயின் வடிவிலும் பலவகை தோன்றுவதே அதன் அடையாளம். பைக்கற்றின் ஓரம் மீள ஒட்டப்பட்டிருப்பினும், பொதிசெய்த திகதி அழிக்கப்பட்டிருப்பினும், இறக்குமதி செய்தவரின் பெயர் இல்லாவிடினும் அதனை வாங்கலாகாது.

பசளையைச் சோதித்தல் இதனிலும் எளிது. சிறிதளவு யூரியாவை ஓர் ஓட்டிலிட்டுச் சூடாக்கினால் அது முற்றாக உருகிப் புகையாய்ப் போகும். அடியில் மணலோ உப்போ தங்குமாயின் அது கலப்படமே. மூட்டையைக் கடையிலேயே நிறுத்துப் பார்க்க எவரும் கூச்சப்படவேண்டியதில்லை.

பீடைகொல்லி வாங்குவோர் வடகரையிலும் கிழக்குக் கரையிலும் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கடல்வழியாகக் களவாக வரும் போத்தல்களிலும் தமிழ் எழுத்து இருக்கலாம். தமிழில் வாசிக்க முடிகின்றதென்பது மட்டும் போதாது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் விபரமும், பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவிலக்கமும் இருத்தல் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்யப்படாத பீடைகொல்லியை விற்பது குற்றமாகும்.

தட்டுப்பாடு வந்தால் மோசடியும் உடன்வரும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. அவ்வாறான காலங்களில் வேலியோரம் வந்து, பெயரில்லாப் போத்தலைக் காட்டி, இரட்டை விளைச்சலுக்கு உறுதி கூறுபவர் அடுத்த போகத்தில் அவ்வூருக்கு வருவதில்லை.

இனி, ஏமாற்றப்பட்ட பின் செய்யவேண்டியவற்றைக் கவனிப்போம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, விலைகொடுத்துப் பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர் எவரும் நுகர்வோரே. விதை வாங்கும் கமக்காரரும் அவருள் அடங்குவர். கேட்டவுடன் பற்றுச்சீட்டுக் கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர். கடனுக்கு வாங்குபவர், விளைந்த நெல்லையும் அதே முதலாளிக்கு விற்கவேண்டியிருத்தலால், சீட்டுக் கேட்க நாவெழாது நிற்பது நாமறிந்ததே. கடன் பட்டதால் அவ்வுரிமை நீங்கிவிடுவதில்லை. ஏமாற்றப்பட்டவருள் பலர் தோற்பது சட்டம் இல்லாமையால் அன்று, இச்சீட்டு இல்லாமையாலேயே.

அச்சட்டத்திற் கமக்காரர் மறக்கலாகாதது காலவெல்லையே. முறைப்பாடு எழுத்தில், பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துள் கொடுக்கப்படல் வேண்டும். விதைப்புக்கு இரு வாரம் முன் நெல் வாங்கியவருக்குத் தொண்ணூறாம் நாளிற் பயிரின் வயது எழுபத்தாறு. மூன்றரை மாத நெல்லுக்கு அது கதிர் தள்ளும் வேளை. "அறுவடை வரை பார்ப்போம்" என்று பொறுத்திருப்பவருக்கு அவ்வழி அடைபட்டுவிடும். ஆகவே கலப்பின் அறிகுறி தோன்றிய அன்றே அப்பிரிவின் விவசாயப் போதனாசிரியரை வயலுக்கு அழைத்து, அவர் கண்டதை எழுத்திற் பெறுக. வயலை உழுதுவிட்டு அழைத்தாற் பயனில்லை. திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

இதற்கெனச் சாக்கையும் சீட்டையும் எறியாது வைத்திருத்தல் வேண்டும். விதைக்குமுன் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சுண்டு நெல்லை எடுத்து, உலர்ந்த போத்தலிலிட்டு, திகதியும் தொகுதி இலக்கமும் எழுதி வைப்பது பெருஞ் சான்றாகும். அதே தொகுதியை வாங்கிய அயல்வயற்காரர் வயலிலும் அதே குறை காணப்படின், "உமது நீர், உமது நிலம்" என்ற வாதம் வலுவிழக்கும். அவ்வாறாயின் கமக்காரர் அமைப்பின் மூலம் யாவரும் சேர்ந்து எழுதுவது நன்று.

முறைப்பாட்டை அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். 1977 என்னும் இலக்கத்தில் அறிவித்தாலும் எழுத்து முறைப்பாட்டைத் தவிர்க்கலாகாது. விசாரணையின் பின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, நட்டஈடு செலுத்தவோ அதிகாரசபை கட்டளையிடலாம். போகம் தவறிய பின் மாற்று விதை பெறுவதாற் பயனில்லையாதலின், செலவுக் கணக்கை இணைத்து நட்டஈட்டையே கோருக.

மூன்று மாதம் கடந்துவிட்டவர் முற்றாகக் கைவிடப்பட்டவரல்லர். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விபரங் கூறியோ மாதிரி காட்டியோ விற்ற பொருள் அதற்கொத்ததாய் இருத்தல் வேண்டும். சிறு தொகைக்கான பிணக்கு முதலிற் பிரதேச மத்தியஸ்த சபைக்குச் செல்லும். அங்கே சட்டத்தரணி தோன்றுவதில்லை. இரு பகுதியாரும் தாமே பேசலாம். இணக்கம் ஏற்படாவிடின் சபை அதற்கொரு சான்றிதழ் வழங்கும். அச்சான்றிதழுடனேயே பின்னர் மாவட்ட நீதிமன்றில் வழக்கிடலாம்.