எம்பக்கத் தூண்களைச் செதுக்கியது யார்?

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் போய்ப் பிலிமத்தலாவைப் பக்கம் திரும்பினால், சில மைல் சுற்றுக்குள் மூன்று பழங்கோயில்கள்: கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்க. மூன்றும் 14ஆம் நூற்றாண்டுக் கம்பளை அரசோடு தொடர்புடையவை. முதல் இரண்டையும் கட்டியவர் யார் என்பதில் பெரிய வழக்கில்லை. கடலாதெனியவின் 1344ஆம் ஆண்டுப் பாறைக் கல்வெட்டில் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பியின் பெயர் இருக்கிறது. லங்காதிலகவுக்கு ஸ்தபதிராயர், அங்கே பாறையில் சிங்களத்தோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு.

சிக்கல் எம்பக்கவில்தான்.

கதிர்காமக் கடவுளுக்கான இத்தேவாலயத்தின் மேள மண்டபத்துக்குச் சிங்களத்தில் 'திக்கே' என்று பெயர். அதன் மரத் தூண்களில் கட்டிப் பிடித்து மல்லுக்கு நிற்கும் இருவர், கழுத்துப் பின்னிய அன்னங்கள், இரட்டைத் தலைக் கழுகு, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். அண்ணாந்து பார்த்தால், கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களை ஒற்றை மர முளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. எல்லாம் தெல்மட மூலாச்சாரியின் கைவேலை என்பார்கள் வழிகாட்டிகள். அந்தப் பெயர் செவிவழியாக வந்தது. கம்பளை அரண்மனையின் கைவிடப்பட்ட சபா மண்டபத் தூண்களே இங்கு கொண்டுவரப்பட்டன என்பதும் செவிவழிச் செய்திதான். அது உண்மையானால் இவை கோயிலுக்கென்று செதுக்கப்பட்டவையே அல்ல. காலக் கணக்கும் மாறும்.

கையொப்பம் ஏன் இல்லை? கண்டி இராச்சியத்தில் கைவினைஞர் நிலம் அனுபவித்து, அதற்கு ஈடாக இராஜகாரிய வேலை செய்தவர்கள். பட்டறையே செய்யும், தலைமை ஆச்சாரிக்குப் பெயர் போகும். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில் ஆனந்த குமாரசுவாமி இந்த முறையை விரிவாக எழுதினார். கண்டிக்கு அருகே தெகல்தொருவ குகைவிகாரை ஓவியங்களுக்குச் சில்வத்தென்ன உள்ளிட்ட சிலரின் பெயர்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் எந்தச் சுவரில் யார் தூரிகை ஓடியது என்று பிரிப்பது எளிதல்ல. பெயர் கிடைத்தாலும் தகராறு முழுதாகத் தீர்வதில்லை.

ஆய்வுக்கூடம் தீர்ப்புச் சொல்லாதா? பாதிதான் சொல்லும். கதிரியக்கக் கார்பன் கணக்கு, மரம் வளர்ந்த காலத்தைக் காட்டும். உளி பட்ட நாளை அல்ல. பழைய மரத்தைப் பிற்காலத்தவர் செதுக்கியிருக்கலாம். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையமும் தெளிவாக விழுவதில்லை. ஆகவே தூணுக்குத் தூண் உளித்தடத்தையும் உருவங்களின் அமைப்பையும் ஒப்பிடும் பழைய வழிதான் மிச்சம். அதிலும் கிடைப்பது ஆளின் பெயரல்ல, எத்தனை கைகள் வேலை செய்தன என்ற மதிப்பீடு. அறிவிப்புப் பலகையில் 'மரபுப்படி' என்ற சொல்லோடு தெல்மட மூலாச்சாரியின் பெயரைப் போடுவதே இப்போதைக்கு நேர்மையான எழுத்து.