ஜீவனஹள்ளியில் முதல் வீட்டு முதலீடு: கைப்பேசி விளம்பரம் முதல் பத்திரப்பதிவு வரை கவனிக்க வேண்டியவை

பெங்களூரு: கிழக்கு பெங்களூருவில் காக்ஸ் டவுனை ஒட்டி அமைந்துள்ள ஜீவனஹள்ளியில் எந்த வீடு விற்பனைக்கு வந்துள்ளது என்பதை அறிய, ஒரு காலத்தில் உள்ளூர்த் தரகரையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. இன்று 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஹவுசிங், நோபுரோக்கர் போன்ற தளங்களில் விலை, பரப்பளவு, புகைப்படம் ஆகியவற்றுடன் விளம்பரங்கள் சில நொடிகளில் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் கிழக்கு பெங்களூருவில், சேமிப்பையோ பணி ஓய்வுத் தொகையையோ கொண்டு இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று எண்ணுவோருக்கு இது பெரிய வசதி.

எனினும், ஒருவர் விற்க விரும்புகிறார் என்பதற்கு மேல் விளம்பரம் எதையும் உறுதி செய்வதில்லை. அவருக்கு விற்கும் உரிமை உண்டா, சொத்தின் மீது கடனோ வழக்கோ உள்ளதா, வாடகை வருமானம் போட்ட முதலுக்கு ஈடாகுமா என்பவற்றை வாங்குபவரே கண்டறிய வேண்டும். விளம்பரம் பார்த்த அதே கைப்பேசியிலேயே இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் சிறு செலவில் செய்துவிட முடியும். முன்பணம் கொடுக்கும் முன் அவற்றைச் செய்வதா, கொடுத்த பின் செய்வதா என்பதே லாபத்தையும் நஷ்டத்தையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

முதலில் கணக்கு

விளம்பரத்தில் காணப்படும் விலை முழுச் செலவு அல்ல. கர்நாடகத்தில் 45 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம். அந்தத் தீர்வையின் மீது நகர்ப்புறங்களில் கூடுதல் வரிகளும் உண்டு. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இவை அனைத்தும் சேர்ந்தால் சொத்தின் மதிப்பில் சுமார் 7.6 சதவீதம் ஆகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 80 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கப்படுவதாகவும், அதற்கு மாதம் 24,000 ரூபாய் வாடகை கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பதிவுச் செலவு 6.08 லட்சம். ஆக மொத்த முதலீடு 86.08 லட்சம். ஆண்டு வாடகை 2.88 லட்சம். இதில் ஒரு மாதம் வீடு காலியாக இருப்பதற்கு 24,000 ரூபாயும், சொத்து வரி, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 30,000 ரூபாயும் கழித்தால் மிஞ்சுவது 2.34 லட்சம். முதலீட்டின் மீது கிடைக்கும் ஆண்டு வருமானம் சுமார் 2.7 சதவீதம் மட்டுமே.

கடன் வாங்கினால் கணக்கு மேலும் இறுகும். 60 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். வாடகை போக, மாதந்தோறும் ஏறத்தாழ 28,000 ரூபாயைக் குடும்பம் தன் சம்பளத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். இந்தத் தொகையைப் பல ஆண்டுகள் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு விடை காணாமல் விளம்பரங்களைத் தேடத் தொடங்குவது உகந்ததல்ல.

பலர் மனை மதிப்பின் உயர்வையே நம்பி வாங்குகின்றனர். அந்த உயர்வும் முழுமையாகக் கைக்கு வருவதில்லை. 2024 ஜூலை 23-க்குப் பின் வாங்கப்படும் வீட்டை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், லாபத்தின் மீது 12.5 சதவீத மூலதன ஆதாய வரி செலுத்த வேண்டும். பணவீக்கச் சரிக்கட்டல் சலுகை இதற்குக் கிடையாது.

விளம்பரத்தைப் படிக்கும் முறை

ஒரே வீடு பல தரகர்களால் வெவ்வேறு விலைகளில் பதிவேற்றப்படுவது வழக்கம். புகைப்படங்களையும் பரப்பளவையும் ஒப்பிட்டால் இது புலப்படும். அத்தகைய வீட்டுக்குக் குறிப்பிடப்பட்டுள்ள மிகக் குறைந்த விலையே பேரத்தின் தொடக்கப் புள்ளி. பல வாரங்களாக விற்காமல் நிற்கும் விளம்பரங்களைக் குறித்து வைத்தால், கேட்கும் விலைக்கும் படியும் விலைக்கும் இடையிலான இடைவெளியும் தெரியவரும்.

அடுத்து, கர்நாடக முத்திரைத்தாள் மற்றும் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் அந்தத் தெருவுக்கு உரிய அரசு வழிகாட்டு மதிப்பைப் பார்க்க வேண்டும். சந்தை விலை இதைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. மாறாக, வழிகாட்டு மதிப்பைவிட வெகுவாகக் குறைந்த விலைக்கு வீடு கிடைப்பதாகக் கூறப்பட்டால் எச்சரிக்கை தேவை. முத்திரைத் தீர்வை எப்படியும் வழிகாட்டு மதிப்பின் மீதே கணக்கிடப்படும். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால், அதை வாங்குபவரின் வருமானமாகக் கருதி வரி விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

ஊரின் பழைய கதை

கன்னடத்தில் 'ஹள்ளி' என்றால் கிராமம். பெருநகரம் உள்வாங்கிய கிராமப் பகுதிகளில், இன்றைய வீட்டு மனை ஒரு காலத்தில் சர்வே எண் கொண்ட விளைநிலமாக இருந்திருக்கலாம். அந்த நிலம் வீட்டு மனையாக முறைப்படி மாற்றப்பட்டதா என்பதை மூலப்பத்திரத்திலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். கர்நாடக அரசின் திஷாங்க் செயலியை வைத்துக்கொண்டு மனையின் முன் நின்றால், அந்த இடத்தின் சர்வே எண்ணையும், அது ஏரி, அரசு நிலம் போன்றவற்றில் வருகிறதா என்பதையும் காணலாம். 2022 செப்டம்பர் வெள்ளத்துக்குப் பின், 'ராஜகாலுவே' எனப்படும் பெரு மழைநீர்க் கால்வாய்களை ஆக்கிரமித்த கட்டடங்கள் பெங்களூருவில் இடிக்கப்பட்டதை வாங்குவோர் மறந்துவிடக் கூடாது.

வில்லங்கச் சான்றிதழைக் காவேரி தளத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். படிவம் 15-இல் வந்தால் சொத்தின் மீது பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியல் இருக்கும். படிவம் 16 என்றால் அந்தக் காலகட்டத்தில் பதிவான பரிவர்த்தனை எதுவும் இல்லை என்று பொருள். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது வழக்கறிஞர்களின் நடைமுறை. கணினிமயத்துக்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தை அணுக வேண்டியிருக்கும்.

வில்லங்கச் சான்றிதழில் பதிவு செய்யப்பட்டவை மட்டுமே தெரியும். பதிவு செய்யப்படாத உயில், நிலுவையிலுள்ள வழக்கு, குடியிருப்பவரின் உரிமை ஆகியவை அதில் வராமல் போகலாம். வங்கிக் கடன் ஏதும் உள்ளதா என்பதை செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவேட்டிலும், விற்பவரின் பெயரில் வழக்கு உள்ளதா என்பதை இ-கோர்ட்ஸ் தளத்திலும் தனியே தேட வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கப்படும் சொத்து, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, அவ்வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது.

பழைய குடியிருப்புகளில் பங்காளித் தகராறும் ஒரு முக்கிய ஆபத்து. பூர்வீகச் சொத்தில் மகன்களுக்கு இணையான உரிமை மகள்களுக்கும் உண்டு என 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் கூறுகிறது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. எனவே வம்சாவளிச் சான்றில் இடம்பெற்றுள்ள ஒவ்வொருவரும், திருமணமாகி வெளியூரில் வாழும் சகோதரிகள் உட்பட, பத்திரத்தில் கையெழுத்திடுகின்றனரா என்பதைப் பார்க்க வேண்டும்.

கத்தாவும் கிரயப் பத்திரமும்

தமிழகத்திலிருந்து வருவோர் பலர் கத்தாவைப் பட்டா என்று எண்ணிக்கொள்கின்றனர். கத்தா என்பது சொத்து வரி விதிப்புக்கான மாநகராட்சிப் பதிவு. அது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது. உரிமையைத் தருவது பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமே. விதிமீறல் கொண்ட மனைகளும் கட்டடங்களும் 'பி' பதிவேட்டில் வைக்கப்பட்டு வந்தன. இவற்றுக்கு வங்கிக் கடனும் கட்டட அனுமதியும் கிடைப்பது கடினம் என்பதாலேயே விலை குறைவாக இருக்கும். 2024 அக்டோபர் முதல் பத்திரப்பதிவுக்கு இ-கத்தா கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பெங்களூரு மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால், ஆவணத்தில் எந்த மாநகராட்சியின் பெயர் உள்ளது என்பதையும் சரிபார்ப்பது நல்லது.

'பொது அதிகார ஆவணத்தின் மூலம் விற்பனை' என விளம்பரம் கூறினால் விலகிச் செல்வதே பாதுகாப்பு. அத்தகைய ஆவணமும் விற்பனை ஒப்பந்தமும் மட்டுமே சொத்துரிமையை மாற்றிவிடாது என உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்பளித்துள்ளது.

ரெரா எட்டாத சிறு கட்டடங்கள்

2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி, புதிய அடுக்குமாடித் திட்டங்கள் விற்பனைக்கு முன் பதிவு செய்யப்பட வேண்டும். விளம்பரத்தில் பதிவு எண் இடம்பெற வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் பெறக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். தரகர்களும் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் அமையும் திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் இந்தப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,380 சதுர அடி. பெங்களூருவில் வழக்கமான முப்பதுக்கு நாற்பது மனையின் பரப்போ 1,200 சதுர அடிதான். ஜீவனஹள்ளி போன்ற நெருக்கமான பகுதிகளில் சிறு மனைகளில் எழும் கட்டடங்கள் பலவும் ரெரா வரம்புக்கு வெளியே நிற்க இதுவே காரணம். அங்கு கட்டட வரைபட அனுமதி, பிரிபடாத நிலப் பங்கு, பணி நிறைவுச் சான்று ஆகியவற்றை வாங்குபவரே சரிபார்த்தாக வேண்டும்.

வங்கி ஏலமும் போக்கியமும்

கடன் தவறியவர்களின் சொத்துகளைப் பொதுத்துறை வங்கிகள் ஏலம் விடும் அறிவிப்புகள், 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட பேங்க்நெட் தளத்தில் கிடைக்கின்றன. விலை ஈர்ப்புடையதாக இருக்கலாம். ஆனால் சொத்து 'உள்ளது உள்ளபடி' விற்கப்படும். ஏலம் எடுத்தவர் முன்வைப்புத் தொகை உட்பட 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ செலுத்த வேண்டும். மீதித் தொகைக்குப் பொதுவாக 15 நாள்களே அவகாசம். தவறினால் கட்டிய பணத்தை இழக்க நேரிடும். வீட்டில் முந்தைய உரிமையாளரோ குடித்தனக்காரரோ இன்னும் வசிக்கிறாரா என்பதை நேரில் சென்று பார்க்காமல் ஏலம் கேட்பது ஆபத்தானது.

பெங்களூருவில் பரவலாக உள்ள போக்கிய முறையும் கவனத்துக்குரியது. குடியிருப்பவர் பல லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையின்றி வசிப்பார். காலம் முடிந்ததும் தொகையைத் திருப்பித் தர வேண்டும். இத்தகைய வீட்டை வாங்கினால், அந்தத் தொகையை யார் தருவது என்பதைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதி, அதை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் வாங்கியவருக்குக் கடனும், குடியிருப்பவருக்கு வாழ்நாள் சேமிப்பின் இழப்பும் நேரக்கூடும்.

முன்பணம் கொடுக்கும் முன்

ராணுவ வீரர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, நேரில் வராமல், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்வது இணைய வீட்டு விளம்பரங்களில் நன்கு அறியப்பட்ட மோசடி முறை. வீட்டை உள்ளே சென்று பார்க்காமலும், விற்பவரின் அடையாளத்தை அசல் பத்திரத்துடன் ஒப்பிடாமலும் 'டோக்கன்' தொகை எதையும் அனுப்பக் கூடாது. ஏமாற்றப்பட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடை செய்கிறது. விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீத வருமான வரியைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் பிடித்த விகிதம் இதைவிடக் கூடுதல்.

சிறு தொகை உள்ளவர்களுக்கு

முழு வீடு வாங்க இயலாதவர்களுக்கு ரீட் எனப்படும் மனை முதலீட்டு அறக்கட்டளைகள் ஒரு வழி. நாட்டின் முதல் ரீட் ஆன பெங்களூருவின் எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2021 முதல் ஒரே ஒரு யூனிட்டைக்கூட வாங்கலாம். அலுவலக வளாகங்களின் வாடகையில் பங்கு கிடைக்கும். யூனிட்டின் விலை சந்தையோடு ஏறவும் இறங்கவும் செய்யும். ஒரு கட்டடத்தைப் பலர் பங்கிட்டு வாங்கும் தளங்களுக்கு 2024-இல் செபி தனி விதிகளைக் கொண்டு வந்தது. அதில் குறைந்தபட்ச முதலீடு 10 லட்சம் ரூபாய். செபி பதிவு இல்லாத தளங்களில் பணம் போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

வீடே வாங்குவது என்று முடிவு செய்தவர்கள், இணையச் சோதனைகளை முடித்த பின், சொந்தமாக அமர்த்திய வழக்கறிஞரிடம் ஆவணங்களைக் காட்டிச் சட்டக் கருத்துப் பெறுவது அவசியம். தரகரோ விற்பவரோ பரிந்துரைக்கும் வழக்கறிஞர் இதற்கு உகந்தவர் அல்லர். 'நாளையே முன்பணம் தராவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார்' என்ற அவசரம் அடிக்கடி காட்டப்படும். அந்த வீடு கைநழுவிப் போனால் இன்னொரு விளம்பரம் வரும். வில்லங்கத்தில் சிக்கிய சேமிப்பை மீட்க நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.