அஸ்வெசும பட்டியலில் பெயர் வராதவர்கள் ஏழைகள் இல்லையா?

2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளை ஏற்றுக்கொண்டன. முதலாவது இலக்கு, 2030ஆம் ஆண்டுக்குள் வறுமையை ஒழிப்பது. இலங்கையும் கைதூக்கியது. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடி நம்மைப் பின்னே தள்ளிவிட்டது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, 2021இல் 13.1 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதமானது. அதாவது நால்வரில் ஒருவர்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் கடனுதவிக்கு அங்கீகாரம் வழங்கியது. வரிகள் கூடும் காலத்தில் ஏழைகளுக்கான செலவு ஒரு மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டில் இருந்தது. அதே ஆண்டு அஸ்வெசும ஆரம்பமானது. சமூகப் பாதுகாப்பு வலையமைப்பைச் சீரமைக்க உலக வங்கி 200 மில்லியன் டொலர் ஒதுக்கியது.

1995 முதல் இருந்துவந்த சமுர்த்தியில், அரசியல் செல்வாக்குள்ளவர்களுக்கே முன்னுரிமை என்ற குறை நெடுநாள் இருந்தது. அதற்கு மாற்றாக, கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற 6 துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் அளக்கப்பட்டன. ஆரம்பத்தில் மாதாந்தக் கொடுப்பனவு 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என நான்கு வகையாக இருந்தது.

அளவுகோல் ஒன்று இருப்பது நல்லதுதான். ஆனால் நான் கற்பிக்கும் திரியாய், பக்கத்திலுள்ள புல்மோட்டை, குச்சவெளி போன்ற இடங்களில் வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் வள்ளம் கரையில்தான். வயலில் கையில் காசு வருவது அறுவடைக்குப் பிறகு. மோட்டார் சைக்கிள் கணக்கெடுப்பில் சொத்து. மீன் விற்கப் போகிறவருக்கோ அது தொழிற்கருவி. அடுப்பெரியாத நாட்களில் யாருடைய வீடு என்பது எங்கள் வரவுப் பதிவேட்டில் தெரிந்துவிடும். முதலில் பிள்ளையின் வரவு குறையும், பிறகு இடைவிலகல்.

2023இல் பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. மேன்முறையீடு சலுகையல்ல, உரிமை. ஆனால் படிவம் நிரப்பவும் பிரதேச செயலகத்துக்குப் போய்வரவும் ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். அதனால் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் சபைகளும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இங்கே உதவலாம். படிவம் நிரப்பத் தெரிந்த நாலு இளைஞர்களை ஒரு மேசையில் உட்கார வைத்தால் போதும். உலக வங்கியின் டொலர் இந்த ஊர்வரை வந்து சேருமா என்பது, பல வேளைகளில் அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது.