இடஞ்சார் சிந்தனையும் பாலின வேறுபாடும்

பொருள்களின் வடிவம், திசை, தூரம் ஆகியவற்றை மனத்திலேயே உருவகித்துக் கையாளும் திறன் இடஞ்சார் சிந்தனை எனப்படும். வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பதும், கனசதுரத்தின் மறுபக்கத்தைக் கற்பனை செய்வதும் இதில் அடங்கும். இதில் ஆண் பிள்ளைகளே கெட்டிக்காரர்கள் என்று பள்ளிகளில் பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படிக் கேட்டு வளரும் மாணவி பொறியியல் வரைபடம் தனக்கு வராது என்று முன்கூட்டியே ஒதுங்கிவிடக்கூடும்.

மார்சியா லின், ஆன் பீட்டர்சன் ஆகியோர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1985இல் வெளியிட்டனர். உருவத்தை மனத்தில் சுழற்றிப் பார்க்கும் 'மனச் சுழற்சி'யில் ஆண்களின் சராசரி தெளிவாக உயர்ந்திருந்தது. பல படிகளில் யோசித்துத் தீர்க்கவேண்டிய உருவப் புதிர்களிலோ வேறுபாடு மிகச் சிறியது. ஆகவே எல்லாத் திறன்களுக்கும் ஒரே விடை இல்லை. மேலும் இவை சராசரிகள் மட்டுமே. பல மாணவர்களை முந்தும் மாணவியர் எந்த வகுப்பிலும் உண்டு. மனச் சுழற்சித் தேர்வில் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் இடைவெளி குறைவதும் கண்டறியப்பட்டுள்ளது.

இவ்வேறுபாடு பிறவியிலேயே வருவதா? வடகிழக்கு இந்தியாவில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு இங்கு முக்கியமானது. காசி மக்களிடம் சொத்து தாய்வழியில் கடைசி மகளுக்குச் செல்கிறது. அருகில் வாழும் கார்பி மக்களிடம் தந்தைவழியில் செல்கிறது. இரு சமூகத்தாருக்கும் நான்கு துண்டுகள் கொண்ட படப்புதிர் ஒன்று தரப்பட்டது. கார்பி ஆண்கள் பெண்களைவிட விரைவாக முடித்தனர். காசி மக்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கார்பி பெண்களுக்குப் பள்ளிப்படிப்பு குறைவாகக் கிடைத்திருந்தது இடைவெளியின் ஒரு பகுதியை விளக்கியது. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுதான் என்றாலும், வளர்ப்புச் சூழலின் வலிமையை இது காட்டுகிறது. உயிரியலுக்குப் பங்கே இல்லை என்று மட்டும் இதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

பயிற்சியாலும் இத்திறன் வளரும். 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான பகுப்பாய்வு இதை உறுதிசெய்தது. அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி 1993இல் தொடங்கிய பயிற்சி வகுப்பு, பொறியியல் படிப்பைப் பாதியில் விடாமல் தொடரப் பல மாணவியருக்கு உதவியது.

சிறுவர் பார்த்துக் கற்பவர், சிறுமியர் கேட்டுக் கற்பவர் என்ற 'கற்றல் பாணி'ப் பிரிவினைக்கு இந்த அளவு ஆதாரம்கூடக் கிடையாது. பாணிக்கேற்பக் கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் ஹரால்டு பாஷ்லர் குழுவினர் தெரிவித்தனர். கட்டைகளை அடுக்குவது, காகிதம் மடிப்பது, ஒரு பொருளை மூன்று கோணங்களில் வரைவது போன்ற பயிற்சிகளுக்குச் செலவு அதிகமில்லை. அவற்றை வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகவே கொடுக்கலாம்.